வெக்கை நோய் கற்பித்த பாடம்



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். அங்குள்ள கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தை நினைக்குந்தோறும், போர்த்துக்கேயர் முன்னிலையில் புல்லுண்டதாகச் சொல்லப்படும் கல் நந்தியின் ஐதிகமும் நினைவிற்கு வரும். கல்லெருதும் புல் மேயும் எனக் கதை சொன்ன மக்கள், உயிருள்ள எருதை எவ்வளவு போற்றியிருப்பர் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

பெரும்போக விதைப்புக் காலத்தில் இப்பகுதி மாடுகளை மயிலத்தமடு, மாதவணை முதலிய தூரத்து மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துச் செல்வர். அறுவடையின் பின்னர் அவை மீண்டும் வயல்களுக்கு வரும். பல பட்டிகள் ஒரே தரையில் மேய்ந்து, ஒரே குளத்தில் நீர் அருந்துவது இவ்வேற்பாட்டின் இயல்பு. பயிரைக் காக்கும் இவ்வழக்கமே, ஒரு பட்டியின் நோய் மறு பட்டிக்குச் செல்லவும் வழி திறந்து விடுகின்றது.

இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியது வெக்கை எனப்படும் மாட்டுக் கொள்ளைநோயாகும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் ஐரோப்பாவெங்கும் பரவியபோது, நோயுற்ற மாடுகளை அழித்துப் புதைத்தலும் மாடுகளின் நடமாட்டத்தைத் தடுத்தலுமே தக்க வழியெனப் பாப்பரசரின் வைத்தியர் லான்சிசி அறிவுறுத்தினார். 1714இல் இங்கிலாந்தில் தோமஸ் பேற்ஸ் என்பார், நோய் கண்ட தொழுவங்களைச் சில காலம் வெறுமையாக விடவும், மாடிழந்தோருக்கு நட்டஈடு கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். நோய்க் கிருமி யாது என்பதை எவரும் அறியாத காலம் அது. ஆயினும் சில மாதங்களில் நோய் அடங்கிற்று. கிருமியை அறியுமுன்னரே பிரித்துவைத்தலின் பயனை மனிதன் அறிந்துகொண்டான்.

1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய மாடுகள் வழியிலே பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் துறைமுகத்தில் தங்கியபோது, அந்நாட்டிலும் வெக்கை பரவிற்று. அவ்வதிர்ச்சியின் விளைவாக 1924இல் 28 நாடுகள் கூடி, விலங்கு நோய்களுக்கான சர்வதேச நிறுவனத்தைப் பாரிஸ் நகரில் அமைத்தன.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையில் காணப்படாதிருந்த வெக்கை, 1987இல் மீண்டும் தோன்றிற்று. இந்திய அமைதி காக்கும் படையினரின் உணவிற்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் அது வந்திருக்க வேண்டுமென ஆய்வாளர் கருதுகின்றனர். ஆட்டோடு வந்த நோய் மாட்டையும் எருமையையும் பற்றியது. போர் நிகழ்ந்த வடக்கிலும் கிழக்கிலும் தடுப்பூசிப் பணி எளிதாயிருக்கவில்லை. 1994இலேயே கடைசி நோய்த்தாக்கம் பதிவாயிற்று. 2011இல் உலகமே வெக்கையினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பின்னர் பூவுலகிலிருந்து ஒழிக்கப்பட்ட நோய் இது ஒன்றேயாம்.

ஆனால் வெக்கை ஒழிந்தமையால் காவலும் ஒழிந்துவிடலாகாது. கால்வாய் நோய் இன்றும் உண்டு. அதன் கிருமி மாட்டின் மூச்சிலும் உமிழ்நீரிலும் மட்டுமன்றி, மேய்ப்பவரின் காலிலும் ஆடையிலும், வண்டிச் சில்லிலும் ஒட்டிச் செல்லும். 2020இல் முதன்முதலாக நம் நாட்டிற்குள் வந்த தோல் கழலை நோயோ, கடிக்கும் ஈக்களாலும் கொசுக்களாலும் பரவுவது. அதற்கு வேலி மட்டும் போதாது, தடுப்பூசியும் வேண்டும்.

ஆகவே, புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரமேனும் தனியே கட்டுக. நலமான மாட்டிற்கு முதலிலும், நோயுற்றதற்குக் கடைசியிலும் தீனியிடுக. இரண்டிற்கும் நீர்ப் பாத்திரம் வேறாகட்டும். மேய்ச்சல் தரைக்குச் சாய்க்குமுன் தடுப்பூசி போடுவிக்க.

பட்டிக்காரர் பிள்ளைகள் பலர் என் பாடசாலையிற் பயின்றுள்ளனர். இவ்வரலாற்றை வகுப்பிற் கூறியபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், மாட்டுக்கு நோயென்று சொன்னால் எங்கட பாலை ஒருவரும் வாங்க மாட்டார்களே?” என்று கேட்டான். அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. நோயை மறைப்பவரெல்லாம் தீயவரல்லர், பலர் அச்சமுற்றவர். 1714இலேயே நட்டஈடு கொடுத்ததன் காரணம் இதுவன்றோ? உண்மை சொன்னவன் நட்டமடைவானாயின், அடுத்தவன் வாய் திறவான். மறைத்து விற்ற ஒரு மாடு பத்துப் பட்டிகளை அழித்துவிடும்.

எனவே, “என் பட்டியில் நோய்” என்று ஒருவர் சொல்ல வந்தால், அயலவர் அவரை ஒதுக்காது, அவர் மாட்டை மாத்திரம் ஒதுக்கி வைக்கத் துணைநிற்க வேண்டும். பிரிக்க வேண்டியது மாடுகளையே, மனிதரை அன்று.