முன்பக்கம் கிழிந்த நாவல்

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த அந்த நாவலுக்கு அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. 1960களின் நடுவில் அம்மா வாசிக்கக் கேட்டது. மலையில் ஒரு கள்ளன். வேறு பெயரில், வேறு வேஷத்தில் ஊருக்குள் உலவுகிறவன். எந்த மலை என்று நான் கேட்கவில்லை. வாசலில் நின்றால் கொல்லிமலை தெரிந்தது.

வெகுகாலம் அதை வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல் என்றே நம்பினேன். வேஷம்தான் காரணம். அவருடைய 'திகம்பர சாமியார்' சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் 1950ல் படமாயிற்று. நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்ட படம். மாமா சொன்ன அந்தக் கதையும் அம்மா வாசித்ததும் எனக்குள் ஒன்றாகிவிட்டன. வடுவூராரைத் தேடித் தேடிப் படித்தேன். மலையைக் காணோம்.

'மலைக்கள்ளன்' என்றால் 1954ல் வந்த எம்.ஜி.ஆர். படம், கருணாநிதி வசனம், அவ்வளவுதான் எனக்கு. மூலம் நாமக்கல் கவிஞரின் நாவல், அவர் பக்கத்து மோகனூர்க்காரர் என்பதெல்லாம் பழைய புத்தகக் கடையில் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. நம் இலக்கிய வரலாறுகளுக்கு அவர் 1930ன் உப்பு யாத்திரைக்குப் பாட்டு எழுதியவர், 1949ல் ஆஸ்தான கவி. வீட்டுப் பெண்கள் பக்கம் கிழியக் கிழியப் படித்தது விமர்சகனுக்கு ஒரு பொருட்டில்லை. (நானும் அப்படித்தான் இருந்தேன்.)

வாங்கி வந்து அன்றிரவே படித்தேன். எல்லாம் இருந்தது, அம்மா சொன்ன ஆரம்பத்தைத் தவிர. கிழிந்த பக்கங்களுக்குப் பதிலாக அவளே ஒன்று கட்டியிருக்கிறாள். அதில் திருமணிமுத்தாற்றில் வெள்ளம் வரும்; ஒரு வண்டிக்காரன் மாடுகளை அவிழ்த்துவிட்டு விடியும்வரை கரையில் உட்கார்ந்திருப்பான்.