புகழும் காதலும்: ‘தில்லானா மோகனாம்பா’ளின் கதைக்கட்டு

புகழ் என்பது ஒருவர்க்கு உரிய பொருளா? அன்றி, அவரைப் புகழ்வோர்க்கு உரிய பொருளா? கலைஞர் வாழ்வை நோக்குங்கால் இவ்வினா எழாமற் போகாது. கோயில் முற்றத்தில் ஆயிரவர் கேட்க வாசிப்பவன், அவ்வாயிரவர் தன்னைப்பற்றிக் கொண்ட எண்ணத்திற்கு ஏற்ப நடக்கவும் கட்டுப்படுகிறான். அவன் சினம் ஊருக்குத் தெரியும். அவன் செருக்கும் ஊருக்குத் தெரியும். ஆனால் அவன் ஒருத்தியை நினைந்து வாடுவது மட்டும் ஊருக்குத் தெரியலாகாது. இந்த இக்கட்டிலிருந்து நகைச்சுவை ததும்பும் காதற்கதை ஒன்றைப் படைக்கக் கூடுமெனத் தமிழில் காட்டியவர் கொத்தமங்கலம் சுப்பு. அக்கதை ‘தில்லானா மோகனாம்பாள்’. திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இக்கதையோடு தனி உறவு உண்டு. அவ்வுறவையும் கதையின் கட்டுக்கோப்பையும் ஒருங்கே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நம் ஊர்ப் பழஞ்செய்தி ஒன்று. தில்லானா என்னும் இசைவகை இந்நகரத்திற்குப் புதிதன்று. சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) தனாஸ்ரீ இராகத்தில் இயற்றிய தில்லானாவை இன்றும் மேடைதோறும் கேட்கிறோம். அவர்தம் அவையை அணி செய்தவருள் ஒருவர் தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு. 1834-ஆம் ஆண்டில் மகாராஜா அவருக்குத் தந்தத்தாற் செய்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். தஞ்சையிலிருந்து பரதக்கலை இம்மலைநாட்டுத் தலைநகருக்கு வந்த வழி அது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அதே வழியில் எதிர்த்திசையில் சென்றவர் ஒருவர் உண்டு. அவரைப் பின்னர்க் காண்போம்.

இனிக் கதைக்கட்டு. நாடகக் கதை ஐந்து சந்திகளால் அமையும் என்பது நம் முன்னோர் கொள்கை. முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என அவை பெயர் பெறும். சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் இவற்றை உழவுத்தொழிலோடு ஒப்பிட்டு விளக்குவார். விதை முளைப்பது முகம். முளை வளர்ந்து நாற்றாவது பிரதிமுகம். பயிர் கருக்கொண்டு நிற்பது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுவடை செய்து உண்டு மகிழ்வது துய்த்தல். இந்நகரில் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ ஐந்து அங்கங்களால் இயன்றதென்பதை நம் சங்கத்தார் நன்கறிவர். சுப்பு இலக்கண நூலை முன்வைத்துக் கதை எழுதினார் என யாம் கூறவில்லை. ஆயினும் அவர் கதை இவ்வைந்து சந்திகளில் இயல்பாகப் பொருந்தி நிற்றல் காண்க.

சுப்பு (1910–1974) புகழ் பெற்ற கலைஞரைக் கதைப்பொருளாக நெருங்கி நின்று கண்டது, தம் நாவலுக்கு முன்னரே நிகழ்ந்தது. 1947-இல் ஜெமினி நிறுவனத்தார் ‘மிஸ் மாலினி’ என்னும் படத்தை வெளியிட்டனர். கதை ஆர். கே. நாராயணுடையது. நாடகக் குழுவொன்றில் நடித்துப் புகழ்பெற்ற நங்கை மாலினி. அவள் புகழை முதலாக வைத்து வாணிகம் செய்ய ஒருவன் வருகிறான். அவன் பெயர் சம்பத். அவன் சொற்கேட்டுத் தன் குழுவை விட்டகன்று, சொந்தப் படக்கம்பெனி தொடங்கி, கைப்பொருள் இழந்து, மீண்டும் பழைய குழுவையே அடைகிறாள் மாலினி. மாலினியாக நடித்தவர் புஷ்பவல்லி. சம்பத்தாக நடித்தவர் சுப்புவே. பிறர் புகழில் வாழும் ஒருவன் எங்ஙனம் பேசுவான், எங்ஙனம் சிரிப்பான், எங்ஙனம் நழுவுவான் என்பதை அவர் நடித்தே கற்றார் எனலாம்.

இக்கதையை 1952-இல் ஜெமினியார் ‘மிஸ்டர் சம்பத்’ என்னும் பெயரால் இந்தியில் எடுத்தனர். மோதிலால் சம்பத்தாக நடித்தார். மாலினியாக நடித்தவர் யார்? நம் திருவனந்தபுரத்துப் பத்மினி.

பத்மினி 1932-இல் இந்நகரில் பிறந்தவர். தமக்கை லலிதா, தங்கை ராகினி ஆகியோருடன் ‘திருவாங்கூர் சகோதரிகள்’ எனப் பெயர் பெற்றார். குரு கோபிநாத்திடமும், பின்னர் வழுவூர் இராமையா பிள்ளையிடமும் நாட்டியம் பயின்றார். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்த ‘கல்பனா’ (1948) வாயிலாகத் திரையுலகு புகுந்தார். வடிவேலு வந்த வழியில் எதிர்த்திசை சென்றவர் என மேலே குறித்தது இவரையே.

1950-களின் பிற்பகுதியில் சுப்பு ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் ‘தில்லானா மோகனாம்பா’ளை ஆனந்த விகடனில் தொடர்கதையாக எழுதினார். கோபுலுவின் ஓவியங்கள் அதற்கு உயிரூட்டின. பின்னர் ஏ. பி. நாகராஜன் அதனைப் படமாக எடுத்து 1968-இல் வெளியிட்டார். சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும், மோகனாம்பாளாகப் பத்மினியும் நடித்தனர். நாதஸ்வர இசையை வழங்கியோர் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்திற்குரிய தேசிய விருது இதற்குக் கிடைத்தது.

நாயகன் புகழ்வாய்ந்த நாதஸ்வர வித்துவான். நாயகி புகழ்வாய்ந்த நாட்டியக்காரி. இங்கு ஒன்றை ஊன்றி நோக்குக. மேலைநாட்டில் இத்தகைய கதைகள் பெரும்பாலும் வேறு வகையாக அமையும். 1953-இல் வந்த ‘ரோமன் ஹாலிடே’ படத்தில் நாயகி இளவரசி, நாயகன் செய்தியாளன். 1999-இல் வந்த ‘நாட்டிங் ஹில்’ படத்தில் நாயகி நடிகை. நாயகன் புத்தகக் கடைக்காரன். ஒருவர் ஒளியில் நிற்க மற்றவர் நிழலில் நிற்கிறார். இடையிலுள்ள பள்ளத்தைத் தாண்டுவதே கதை. சுப்புவின் கதையிலோ இருவரும் ஒளியில் நிற்கின்றனர். இடையே நிற்பது பள்ளமன்று, மதில். அம்மதிலை எழுப்பியவை இருவர்தம் புகழே.

முதற்சந்தி: திருவிழாவொன்றில் இருவரும் எதிர்ப்படுகின்றனர். காதல் அரும்புகிறது. ஆயினும் வித்துவான் ஒருவன் நாட்டியக்காரி ஒருத்தியை நாடிச் செல்வதா என்னும் செருக்கு அவனைத் தடுக்கிறது. அச்செருக்கு வீண் அகந்தையென்று தள்ளத்தக்கதன்று. நாதஸ்வரக் கலைஞர் உரிய மதிப்பிற்காகப் போராடிய காலம் அது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தம் கலைக்கும் தமக்கும் அந்த மதிப்பைக் கேட்டுப் பெற்றவர். சண்முகசுந்தரத்தின் சினத்தைக் காண்போர்க்கு அப்பெருமகனார் நினைவு வருதல் இயல்பே.

மோகனாம்பாளின் நிலையோ இன்னும் கடினமானது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டத்தால் ஒழித்தது 1947-இல்தான். ஆடும் குலத்துப் பெண் செல்வர் ஒருவரைச் சார்ந்து வாழ்வதே முறையென்னும் பழைய எண்ணம் சட்டத்தோடு மறைந்துவிடவில்லை. அவ்வெண்ணத்தின் உருவமே மோகனாவின் தாய் வடிவாம்பாள். மகளின் புகழ் ஏற ஏற, அதற்கு விலை பேச வருவோர் தொகையும் ஏறுகிறது. அவனுக்குப் புகழ் ஒரு கவசம். அவளுக்கோ அது சந்தையில் இட்ட அடையாளம்.

இரண்டாஞ்சந்தி: அவளது ஆட்டத்தைக் காண அவனுக்கு ஆவல், தான் காண்பதைப் பிறர் காணலாகாதே என்னும் கூச்சம். ஆகவே தூண்மறைவில் நின்று காண்கிறான். அவள் அதனை அறிந்துகொள்கிறாள். இறைவனை நோக்கிப் பாடுவதுபோல அவனை நோக்கியே பாடி ஆடுகிறாள். அவையோர் பக்தியைக் காண்கின்றனர். அவன் ஒருவனே காதலைக் காண்கிறான். பின்னர் இரு குழுவினரும் ஒரே இரயில்வண்டியில் செல்கின்றனர். சுற்றத்தார் நடுவே கண்கள் மட்டும் பேசுகின்றன. இங்ஙனம் பலர் நடுவிருந்தும் பிறர் அறியாவண்ணம் பேசிக்கொள்வதே இக்கதையின் நகைச்சுவைக்கும் காதற்சுவைக்கும் பொதுவான ஊற்று.

மூன்றாஞ்சந்தி: அவன் நாதஸ்வரத்திற்கு அவள் ஆடும் போட்டி. ஊர் அதனைப் பகையென்று எண்ணித் திரள்கிறது. உண்மையில் அது இருவரும் முதன்முறை இணைந்து நிகழ்த்தும் உரையாடல். அவள் ஆடி நிலைநிற்க, தில்லானா என்னும் பட்டம் அவளைச் சேர்கிறது. மகிழ்ச்சி கருக்கொண்ட அந்நேரத்திலேயே பகைவன் எறிந்த கத்தி அவன்மேற் பாய்கிறது.

நான்காஞ்சந்தி: மருத்துவமனை வாசம், அவனைப் பேணும் செவிலியின் அன்பு கண்டு மோகனாவுக்கு ஐயம். உடல் தேறி மீண்டும் வாசிக்க வருகிறான் அவன். காயம் ஆறியதா என்று கேட்கும் உரிமை, மனைவி அல்லாத அவளுக்கு ஏது? அவையின் முன்னே பாட்டாகவே நலம் உசாவுகிறாள். தமிழ்த் திரையில் இதனினும் உருக்கமான காட்சி அரிது. ஆனால் இம்முறை ஓரிடத்தில் பயனற்றுப் போகிறது. மதன்பூர் மகாராஜாவின் அரண்மனையில் அவள் நடத்தைமேல் அவனுக்கு ஐயம் பிறக்கிறது. ஆடிக் காட்டியோ பாடிக் காட்டியோ தீர்க்கக்கூடிய ஐயமன்று அது. ஊர் ஆடற்பெண்ணுக்கு வரைந்து வைத்த சித்திரத்தை அவனும் நம்பிவிட்டான். ஆயிரம் பேர் பார்வையிலிருந்து அவளைப் பிரித்துத் தன் நெஞ்சால் அவளை அறியவேண்டிய கட்டம் அது. அங்கேதான் அவன் தவறுகிறான். உண்மை தெளிந்து அவன் நாணுவதே கதையின் முற்றிய கதிர். அதன் பின்னரே ஐந்தாஞ்சந்தியான திருமணம்.

இக்கதையின் முடிச்சுகளுக்கெல்லாம் கயிறு திரிப்பவன் சவடால் வைத்தி. நாகேஷ் நடித்த அப்பாத்திரம் நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஆயினும் அவன் செய்யும் தொழில் யாது? ஒருத்தியின் புகழைச் செல்வரிடம் கொண்டுசென்று விலை பேசுதல். சம்பத் செய்ததும் ஏறக்குறைய இதுவே. பிறர் புகழில் பிழைப்போன் என்னும் பாத்திரத்தை 1947-இல் நடித்தவரே அவனுக்கு ஓர் உடன்பிறப்பைப் பின்னர் எழுத்திற் படைத்தார். இதற்கு மாற்றாக நிற்பவள் மனோரமா நடித்த ஜில் ஜில் ரமாமணி. நாடகக் கொட்டகையில் பேர் பெற்றவள் அவள். தன் பெயரை அணியாகவும் கொள்வதில்லை, சுமையாகவும் கொள்வதில்லை. புகழோடு நலமாக வாழ்வது எப்படியென்று இக்கதையில் அறிந்தவள் அவள் ஒருத்தியே என்பது எம் துணிபு.

மாலினி, மோகனா என்னும் இரு புகழ்வாய்ந்த நங்கையரையும் திரையில் வாழவைத்த பத்மினி 2006-இல் சென்னையில் மறைந்தார். அவர் ஆடியது கதையன்று, அவரே மோகனாம்பாள் என்று தமிழ்மக்கள் நம்பினர். அவ்வளவு புகழும் பெற்றவர் பிறந்த ஊரில் நாம் சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் பூஜப்புரையிலும் தமிழ் பேசி வாழ்கிறோம். தஞ்சை இந்நகருக்கு ஒரு வடிவேலுவைத் தந்தது. இந்நகர் தமிழுக்கு ஒரு மோகனாம்பாளைத் தந்தது. இக்கொடுக்கல் வாங்கலில் கடன்பட்டவர் யார் என்று கணக்கிட வேண்டுவதில்லை.

நம் ஆண்டுவிழா மேடையில் இவ்வாண்டும் சிறுமியர் சலங்கை கட்டி ஆடுவர். கைதட்டுவோம், புகழ்வோம். ஆட்டம் முடிந்து சலங்கை அவிழ்த்தபின், களைத்து நிற்கும் அக்குழந்தையின் அருகே சென்று ‘பசிக்கிறதா, அம்மா?’ என்று ஒரு சொல் கேட்போம். புகழைத் தாண்டி ஆளைக் காணும் அச்சொல்லைத்தான் மோகனாம்பாள் கதை நெடுக எதிர்பார்த்து நின்றாள்.