முதல் நூறு உருப்படிகள்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரமும் புதிதாகப் பொருள் செய்யத் துணிந்தோரும்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூரும், அதற்குத் தெற்கேயுள்ள ஒரகடமும், சுற்றியுள்ள மண்ணூர், மாம்பாக்கம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை போன்ற சிற்றூர்களும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை ஏரிப் பாசனத்தையும் பருவமழையையும் நம்பி வாழ்ந்த வேளாண் ஊர்களாகவே இருந்தன. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் பதித்து 1998இல் சான்ட்ரோ காரை வெளியிட்ட பிறகு, 2000இல் செயின்ட்-கோபைன் கண்ணாடி ஆலை, 2006இல் நோக்கியா, 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என வரிசையாக வந்த ஆலைகள் அந்த நிலத்தின் முகத்தையே மாற்றிவிட்டன. உலகத் தரத்து இயந்திரங்களும் தேர்ந்த கைகளும் இவ்வளவு நெருக்கமாகக் கூடியிருக்கும் இடத்தில், வன்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்குவோருக்கு, அதாவது மென்பொருளோடு நின்றுவிடாமல் வண்டி, கருவி, மின்னணுப் பெட்டி என ஒரு பொருளையே செய்து விற்க முனைவோருக்கு, பாதை எளிதாகியிருக்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு ஆகவில்லை, அதற்கான காரணங்களை இவ்வட்டாரம் உருவான முறையிலேயே தேட வேண்டியிருக்கிறது.

முதற்காரணம் நிலம் பங்கிடப்பட்ட விதம். 1958இல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டையில் அரசே ஷெட்டுகளைக் கட்டி, சாலையும் மின்சாரமும் கொடுத்துச் சிறு தொழில்முனைவோரை அழைத்தது. ஒரு லேத்தும் சில தொழிலாளரும் உள்ளவர் கூட அங்கே பட்டறை போட முடிந்தது. 1960களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அம்முறையின் விரிவாக்கம் என்றாலும், அருகே பாடியில் இருந்த லூகாஸ்-டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் போன்ற ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பதே அங்கிருந்த பலரின் பிழைப்பாயிற்று. 1971இல் நிறுவப்பட்ட சிப்காட் இதிலிருந்து மாறுபட்டு, ஏக்கர் கணக்கில் மனை பிரித்து நீண்டகாலக் குத்தகைக்கு விடும் முறையைக் கைக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் வளர்ந்தது இம்முறையில்தான். பெரிய ஆலைகள் தமக்கு வேண்டிய உதிரிபாக நிறுவனங்களைத் தம்மோடு அழைத்து வந்தன. ஹூண்டாயைத் தொடர்ந்து கொரிய நிறுவனங்கள் பல இங்கே ஆலை அமைத்தது இதற்குத் தெளிவான சான்று. இப்படி வந்த இயந்திரங்களின் நேரம் முழுவதும் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய ஆர்டருக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டிருந்தது.

இதே காலத்தில் சென்னையின் மறுபக்கத்தில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. தமிழகத்தின் தொழில் வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சக பேராசிரியர்களும் நடத்திய டெனெட் குழுவிலிருந்து கிளைத்த மைடாஸ் கம்யூனிகேஷன் டெக்னாலஜீஸ், 1990களில் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்துடன் சேர்ந்து கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பை உருவாக்கியது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடுவரை செம்புக் கம்பி இழுக்கும் செலவைத் தவிர்த்து, அந்தக் கடைசித் தொலைவை வானலையால் கடப்பதே அதன் அடிப்படை. ஒரே இணைப்பில் பேச்சும் இணையமும் சேர்ந்து கிடைத்தன. முதலீட்டாளர் எவரும் இத்தகைய வேலைக்குப் பணம் தராத அக்காலத்தில், உற்பத்தி உரிமத்துக்கான தொகையை இந்திய நிறுவனங்கள் சிலவற்றிடம் முன்கூட்டியே பெற்று ஆராய்ச்சிச் செலவை ஈடுகட்டிய வழி, இன்றைய தொடக்க நிறுவனங்களும் கற்கத் தக்கது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இணைய மையங்கள் இயங்கியது இத்தொழில்நுட்பத்தால்தான். ஆனால் அரசுத் தொலைத்தொடர்புத் துறையே பெரிய வாங்குபவராக இருந்த துறையில், களச்சோதனை, ஒப்புதல், டெண்டர் என ஒவ்வொரு படியும் ஆண்டுகளை விழுங்கியது; அதற்குள் கைபேசிக் கட்டணம் சரிந்து, சுவரில் மாட்டும் தொலைபேசியின் காலமே முடிவுக்கு வந்துவிட்டது. நல்ல பொருள் தாமதத்தால் தோற்றதற்கு இதைவிட வருத்தமான எடுத்துக்காட்டு இம்மாநிலத்தில் வேறில்லை.

அந்தக் கைபேசி ஸ்ரீபெரும்புதூரிலேயே செய்யப்பட்டது. 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியபோது சால்காம்ப், ஃபாக்ஸ்கான் போன்ற துணை நிறுவனங்களும் அதே வளாகத்துச் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் அமைந்தன. அந்த அமைப்பு எத்தனை வேகமாக இயங்கியதோ அத்தனை முழுமையாக ஒரே வாங்குபவரைச் சார்ந்திருந்தது. வரி வழக்கால் சொத்துகள் முடக்கப்பட்ட நிலையில், 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இவ்வாலை அந்த விற்பனையில் சேராமல் நின்றது. அவ்வாண்டு நவம்பர் 1இல் உற்பத்தி நின்றுபோனது. கைபேசியைக் கோத்து முடிக்கும் திறமை ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் விரல்களில் இருந்தும், அதை வைத்துத் தனக்கென ஒரு பொருளை வடிவமைக்கும் நிறுவனம் அங்கிருந்து முளைக்கவில்லை. வடிவமைப்பு வேறு நாட்டிலும் கோக்கும் வேலை மட்டும் இங்குமாக இருந்த ஏற்பாட்டின் இயல்பான விளைவு அது.

புதியவர் சந்திக்கும் தடையை உணர, பிளாஸ்டிக் மோல்டு ஒன்றை அருகிருந்து பார்ப்பது உதவும். மோல்டு என்பது உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி உருக்கொடுக்கும் எஃகு அச்சு. சி.என்.சி. இயந்திரத்தில் எஃகுக் கட்டியைக் குடைந்து, கட்டர் நுழையாத மூலைகளை மின்பொறியால் அரித்தெடுத்து, குளிர்நீர் ஓடத் துளையிட்டு, உருப்படியை வெளியே தள்ளும் பின்களைப் பொருத்திய பிறகே முதல் சாம்பிள் கிடைக்கும். அதில் ஓரிடம் குழிந்திருக்கலாம், ஒரு திருகு மேடு விரிசல் விட்டிருக்கலாம். அச்சில் எஃகை மேலும் குடைந்து எடுப்பது எளிது, குடைந்த இடத்தை நிரப்புவது கடினம் என்பதால், அச்சு வெட்டும் பட்டறையான டூல் ரூமின் அனுபவமுள்ள ஆள் சந்தேகமான இடங்களில் எஃகைக் கொஞ்சம் மிச்சம் வைத்தே வெட்டுவார். இவ்வளவு செலவும் லட்சம் உருப்படிக்குப் பகிரப்பட்டால் பொருட்டே இல்லை. நூறு உருப்படிக்குப் பகிரப்பட்டால் பொருளின் விலையையே விழுங்கிவிடும். மின்னணுப் பாகங்களின் நிலையும் இதுவே: ரீல் ரீலாக ஆயிரக்கணக்கில் விற்கப்படும் சிப்புகளை நூறு மட்டும் கேட்பவர் கூடுதல் விலையையும் நீண்ட காத்திருப்பையும் ஏற்றாக வேண்டும்.

பணப் புழக்கம் இதைவிடக் கடுமையானது. சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை 45 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொன்னாலும், பெரிய வாங்குபவர் இழுத்தடிப்பதைப் பொறுத்துக்கொள்ளும் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர், பெயர் தெரியாத புதியவரிடம் டூலிங் அட்வான்ஸை, அதாவது அச்சுக்கான செலவை, முன்கூட்டியே கேட்கிறார். இதில் அவரைக் குறைசொல்ல வழியில்லை. இரண்டு பெரிய ஆர்டர்களுக்கு இடைப்பட்ட நேரத்தில்தான் அவரால் புதியவரின் வேலையை மெஷினில் ஏற்ற முடியும், அந்தப் புதியவர் அடுத்த ஆண்டு இருப்பாரா என்பதும் அவருக்குத் தெரியாது.

ஏதர் எனர்ஜியின் வரலாறு இவை அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய அந்நிறுவனம் முதலில் பேட்டரி செய்யவே எண்ணியது. அன்றைய மின் ஸ்கூட்டர்களின் தரத்தைக் கண்ட பிறகு வண்டியையே செய்வது என்று தீர்மானித்தது. வாகனத் தொழிலின் தலைநகராகப் பேசப்பட்ட சென்னையை விட்டு அது பெங்களூருக்குப் போனது. முதலீட்டாளரும் மின்னணுப் பொறியாளரும் அங்கே எளிதில் கிடைத்தனர். 2016 பிப்ரவரியில் காட்டப்பட்ட வண்டி விற்பனைக்கு வர 2018 ஆயிற்று. காட்சிக்கு வைக்கும் ஒரு வண்டியையும் தினந்தோறும் ஒரே தரத்தில் வெளிவரும் வண்டிகளையும் பிரிக்கும் தொலைவு அந்த இரண்டாண்டுகள். புதிய நிறுவனங்களில் பெரும்பாலானவை மடிவது இந்த இடைவெளியில்தான். எண்ணிக்கை வந்த பிறகே ஏதர் 2021இல் ஓசூரில் பெரிய ஆலையுடன் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது.

அரசின் கொள்கையும் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்டது. 2021இல் அறிவிக்கப்பட்ட 25,938 கோடி ரூபாய் வாகன உற்பத்தி ஊக்கத் திட்டத்தில் சேர, வாகனத் தயாரிப்பாளருக்கு 10,000 கோடி ரூபாய் வருவாயும், துறைக்குப் புதியவருக்கு 1,000 கோடி ரூபாய் நிகர மதிப்பும் தேவைப்பட்டன. மின் வண்டியைத் தொடக்கத்திலிருந்து வடிவமைத்த சிறு நிறுவனங்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. 2023 ஜூன் 1இல் மின் இருசக்கர வாகன மானியத்தின் உச்சவரம்பு வண்டி விலையில் 40 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டபோது, கையிருப்பில்லாதவர்களே அதிகம் அடிபட்டனர். பாதுகாப்பு விதிகளை இதே கணக்கில் சேர்ப்பது நேர்மையாகாது: 2022 கோடையில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, ஏ.ஐ.எஸ். 156 எனும் பேட்டரித் தரவிதி இறுக்கப்பட்டு அவ்வாண்டு டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது அவசியமான செயல். அத்தகைய சோதனைகளுக்கென ஒரகடத்திலேயே உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் அமைந்திருப்பது இவ்வட்டாரத்தின் உண்மையான வலிமை. எனினும் சோதனையில் தேறாத பேட்டரியைத் திரும்ப வடிவமைத்து மீண்டும் வரிசையில் நிற்கும் மாதங்களில் சம்பளம் கொடுக்கும் வசதி பெரிய நிறுவனத்துக்கு உண்டு, பன்னிரண்டு பேர் கொண்ட நிறுவனத்துக்கு இல்லை.

அச்சையே தவிர்த்துவிடும் வழியும் ஒன்று இப்போது திறந்திருக்கிறது. 2017இல் சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய அக்னிகுல் காஸ்மோஸ் தன் ராக்கெட் எஞ்சினை முப்பரிமாண அச்சிடலால், அதாவது உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்கி, ஒரே துண்டாகச் செய்கிறது. பலமுறை தள்ளிவைக்கப்பட்ட அதன் ராக்கெட் ஏவுதல் 2024 மே 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிறைவேறியது. ஆண்டுக்குச் சில எஞ்சின்கள் போதும் என்ற தொழிலுக்கு இம்முறை பொருந்துகிறது. ஆயிரக்கணக்கில் விற்க வேண்டிய ஸ்கூட்டரின் பக்கத் தகட்டுக்கோ மருத்துவக் கருவியின் உறைக்கோ இது கட்டுப்படியாகாததால், அவற்றைச் செய்யப் புறப்படுபவர் இன்றும் வரைபடத்தோடு அம்பத்தூருக்கும் திருமுடிவாக்கத்துக்கும் நடந்து, நூறு உருப்படிக்கு அச்சு வெட்டச் சம்மதிக்கும் டூல் ரூமைத் தேடிக்கொண்டிருக்கிறார்.