140க்கு ஒன்று: மலையகமும் அமைச்சரவை நாற்காலியும்

அரசறிவியல் வகுப்பில் 'அதிகாரப் பகிர்வு அரசாங்கங்கள்' என்ற தலைப்பு வந்தால் மூன்று நாடுகள் கட்டாயம் வரும். லெபனானில் 1932 குடிசன மதிப்பீட்டை வைத்து பாராளுமன்ற ஆசனங்களைக் கிறிஸ்தவருக்கு ஆறு, முஸ்லிம்களுக்கு ஐந்து என்ற கணக்கில் பிரித்தார்கள். சனத்தொகை மாறியது, கணக்கு மாறவில்லை. 1975இல் உள்நாட்டுப் போர். சைப்பிரஸில் 1960இல் போட்ட ஏற்பாடு மூன்று வருஷம்தான் தாங்கியது. வட அயர்லாந்தில் 1974இல், கத்தோலிக்கரோடு சேர்ந்து ஆளும் ஏற்பாடு வேண்டாம் என்று புரட்டஸ்தாந்துத் தொழிலாளர்கள் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தே அரசாங்கத்தைக் கவிழ்த்தார்கள்.

நோட்ஸ் எல்லாம் எழுதி முடித்து, ஹட்டனுக்கு பஸ் ஏறி உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. இந்தப் பட்டியலில் நம்ம மலையகம் ஏன் இல்லை? ஒரு சிறுபான்மைத் தலைவர் இருபது வருஷம் அளவில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லா அரசாங்கத்திலும் அமைச்சராக இருந்த இடம் இது. அவர் உள்ளே இருக்கும்போதே வெளியே லயம் எரிந்த இடமும் இதுதான்.

கதை 1931இல் ஆரம்பிக்கிறது. டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையோடு இன்னொரு புதுமையையும் கொண்டு வந்தது. கட்சி அமைச்சரவை கிடையாது. அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தெரிவு செய்யும். அந்த ஏழு தலைவர்களும்தான் அமைச்சர்கள். இனம் பார்க்காமல் எல்லாருக்கும் நிர்வாகத்தில் பங்கு கிடைக்கும் என்பது எண்ணம். முதல் முறை அது நடக்கவும் செய்தது. ஹட்டனில் போட்டியின்றித் தெரிவான பெரி சுந்தரம் தொழில் அமைச்சரானார். தோட்டத்துக்கு வாக்கு கிடைத்த முதல் தேர்தலிலேயே ஓர் அமைச்சர்!

1936இல் அதே விதியை வைத்தே தனிச் சிங்கள அமைச்சரவை உருவானது. ஏழு குழுக்களிலும் பெரும்பான்மை கிடைக்கிற மாதிரி உறுப்பினர்களைப் பரவலாக உட்கார வைத்தால் போதும், ஏழு தலைவர் பதவியும் கைக்கு வந்துவிடும். ஒரு விதியும் மீறப்படவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கம்தான் என்று பரவலாகச் சொல்வார்கள். அவர் தமிழர், பிறகு டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையிலும் இருந்தவர். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருஷமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அப்போதும் அமைச்சரவையில் சுந்தரலிங்கம், சிற்றம்பலம் என்று இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். சட்டம் நிறைவேறியதற்கு அடுத்த மாதம் ஜி.ஜி. பொன்னம்பலமும் உள்ளே போய்ச் சேர்ந்தார். 1952இல் மலையகத்தின் 7 ஆசனம் பூச்சியமானது. உள்ளே இருந்தவர்கள் எதற்காக இருந்தார்கள் என்று கேட்டுத்தான் தமிழ் காங்கிரஸ் உடைந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அந்தக் கட்சியே 1965இல் டட்லியின் 'தேசிய அரசாங்கத்தில்' சேர்ந்து, மாவட்ட சபை கிடைக்காமல் 1968இல் வெளியே வந்தது வேறு கதை.

நான் முக்கியமாக நினைப்பது 1978ஐ. அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்ட் கலவரத்தில் தோட்டங்களும் அடிபட்டு, பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி என்று போயிருந்தன. தொண்டமான் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்தும் தனிநாட்டுக் கோரிக்கையை ஏற்காதவர். அவர் ஜே.ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். இதைத் துரோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வடக்கில் இருந்து அரசியல் செய்கிறவருக்குப் பின்னால் ஒரு நிலம் இருந்தது. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள் இருக்கிற தோட்டத்து லயத்தில், பிரஜாவுரிமையும் இல்லாமல் இருக்கிற சனத்துக்கு எது இருந்தது?

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 168 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140. இ.தொ.கா.வுக்கு ஒன்று. ஆறில் ஐந்து பங்கைத் தனியாக வைத்திருந்த ஜே.ஆருக்குப் பாராளுமன்றத்தில் தொண்டமானின் ஒரு கை தேவையே இல்லை. அவர் வெளியேறினாலும் அரசாங்கம் விழாது. விலகினாலும் எதுவும் ஆகாது என்கிற இடத்தில் இருப்பவரிடம் பங்கு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பக்கம் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1983 ஜூலையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். இரண்டு தடவையும் அவர் அமைச்சர்தான். 1987இல் அதே அரசாங்கம் கொண்டு வந்த பிரதேச சபைச் சட்டம், சபைக் காசைத் தோட்டங்களுக்குள் செலவழிக்க வழியில்லாதபடி எழுதப்பட்டது. வரைபடத்தில் தோட்டம் சபை எல்லைக்குள். ரோடு போட மட்டும் வெளியே.

அப்படியென்றால் ஒன்றுமே கிடைக்கவில்லையா? கிடைத்தது. 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்தில் ஆண், பெண் சம்பளம் சமமானது. அப்போது தேயிலை விலை உச்சத்தில் இருந்தது, தோட்டங்கள் அரசாங்கத்தின் கையில் இருந்தன. கொழுந்து பறிக்காத ஒவ்வொரு நாளும் கொழும்பில் வலித்தது. 1986 தைப்பொங்கலன்று தொண்டமான் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கினார். காலையில் பிரார்த்தனை, வேலை அப்புறம். தன் அரசாங்கத்துக்கு எதிராகவே ஓர் அமைச்சர்! அரசாங்கம் இறங்கி வந்தது, அந்த வருஷமே நாடற்றவர்களுக்கான பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1988இல் இன்னொன்று. சத்தியக்கடதாசி முடித்தால் போதும் என்று ஆனது அப்போதுதான். எங்க அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் அந்தக் கடதாசி இன்னும் இருக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள், தாத்தா போட்டோவுக்கு அடியில்.

வட அயர்லாந்தில் அதிகாரப் பகிர்வைக் கவிழ்த்த அதே வேலைநிறுத்தம்தான் இங்கே அதற்கு ஓரளவு உயிர் கொடுத்தது. நாற்காலி தந்தது கொஞ்சம்தான். வேலையை நிறுத்தக்கூடிய கைகள் தந்ததுதான் அதிகம். ஆனால் இதிலே ஒரு சிக்கல் இருக்கு. தொழிற்சங்கத் தலைவரும் அமைச்சரும் ஒரே ஆள் என்றால், எந்த நாளில் அவர் எதுவாக இருப்பார் என்பதை அவர்தான் முடிவு செய்வார், சந்தா கட்டுகிறவர் இல்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனதும் அந்தப் பிடியும் தளர்ந்தது. அமைச்சரவையில் சண்டை போட்டாலும் சம்பளம் கொடுக்கிறவர் அங்கே இல்லையே. பிறகு அமைச்சுப் பதவி என்பது பெரும்பாலும் கூரைத் தகரம், கோயிலுக்குக் காசு, தெரிந்தவருக்கு வேலை என்று சுருங்கியது. அது அதிகாரத்தைப் பகிர்வது இல்லை, சாமான் பகிர்வது.

2015 நல்லாட்சியில் நிலைமை மாறியிருக்க வேண்டும். அந்த அரசாங்கத்துக்கு ஒவ்வொரு கையும் தேவைப்பட்டது, தமிழ் முற்போக்குக் கூட்டணி உள்ளே இருந்தது. பிரதேச சபைச் சட்டத்தின் அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது, 31 வருஷம் கழித்து. அதே வருஷம் மலையகத்துக்கு ஒரு தனி அதிகார சபைச் சட்டமும் வந்தது. ஆனால் ஆயிரம் ரூபாய் கேட்டவர்களுக்கு 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700. அதற்குள் 2018 ஒக்டோபர் 26 இரவு ஜனாதிபதி பிரதமரை நீக்கி, நல்லாட்சியே பாதி இடிந்து போயிருந்தது.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 எடுத்தது. கூட்டணி வைத்து உள்ளே போன மலையகக் கட்சிகள் இப்போது வெளியே. ஆளும் கட்சியின் சொந்த உறுப்பினர்களாகவே மலையகத் தமிழர் சிலர் உள்ளே இருக்கிறார்கள். அதில் எனக்கும் ஒரு சந்தோஷம் உண்டு. இருந்தாலும் 159 என்ற எண்ணைப் பார்க்கும்போது 140தான் ஞாபகம் வருகிறது. இந்த அரசாங்கத்துக்கும் யாருடைய கையும் கட்டாயம் தேவையில்லை. அப்பாயியிடம் இதைச் சொன்னேன். "ஆறேழு பேரு இருக்காங்களா, நல்லதுதான். லயத்துக்குப் பத்திரம் எப்ப குடுக்கிறாங்களாம்?" என்று கேட்டார்.