ஒரே வாரத்துல எழுந்து நடந்த பெண்

1948 செப்டம்பர். அமெரிக்காவில் மேயோ கிளினிக். 29 வயசுப் பெண், முடக்குவாதம். கட்டில்ல புரண்டு படுக்கவே சிரமம்.

அவருக்கு வைத்தியம் பார்த்த பிலிப் ஹென்ச் பல வருஷமா ஒண்ணைக் கவனிச்சிட்டு வந்தார். மஞ்சள் காமாலை வந்தாலோ, கர்ப்பமானாலோ சிலருக்கு மூட்டுவலி தானா குறையுது. அப்படின்னா, வலியை அடக்குற ஏதோ ஒண்ணு உடம்புக்குள்ளேயே இருக்கணும் இல்லையா?

அவரோட சகா எட்வர்ட் கெண்டால் அட்ரீனல் சுரப்பியில கண்டெடுத்த ஒரு ஹார்மோனை ஊசியா போட்டார்கள். ஒரே வாரத்துல அந்தப் பெண் நடந்து கடைக்குப் போயிட்டு வந்தார்! அதுதான் கார்ட்டிசோன். இரண்டே வருஷத்துல, 1950-ல், நோபல் பரிசு.

ஆனா ஊசியை நிறுத்தினா வலி திரும்பியது. தொடர்ந்து போட்டா முகம் உப்பியது, எலும்பு பலவீனமானது, சிலருக்கு மனநிலையே மாறியது. இது நோயைக் குணமாக்குற மருந்து இல்லைன்னு ஹென்ச்சே எச்சரித்தார்.

இன்னைக்கும் இந்த வகை மருந்து இருக்கு. முடிந்தவரை குறைந்த அளவு, குறைந்த காலம். ரொம்ப நாள் எடுத்தவங்க பயந்துபோய் சட்டுனு நிறுத்துவதும் ஆபத்து: சொந்தச் சுரப்பி அதுக்குள்ள வேலையை மறந்திருக்கும்.