கேடயச் சுரப்பிப் புற்றுநோயின் மூலம்: ஒரு வரலாற்று நோக்கு

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயத்தக்கனவல்ல என்பது நம் முன்னோர் வழக்கு. ஆயின் நோய்மூலத்தை ஆராயாது விடுதல் மருத்துவத்துக்கு இயலாது. தைரொயிட்டு என வழங்கும் கேடயச் சுரப்பி, கழுத்தின் முன்புறத்தே மூச்சுக்குழலைத் தழுவி அமைந்துள்ளது. அதன்கண் தோன்றும் புற்றுநோய் எக்கலத்திலிருந்து பிறக்கின்றது என்னும் வினாவின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

கலம் ஒவ்வொன்றும் முந்திய கலமொன்றிலிருந்தே பிறக்கும் என்னும் கொள்கையை 1858 ஆம் ஆண்டில் பேர்லினில் நிலைநாட்டியவர் ருடோல்ப் வேர்ச்சோ. அவரிடம் உதவியாளராயிருந்த யூலியசு கோன்கைம், 1876 இல் வியப்புக்குரிய நோயாளரொருவரைப் பற்றி எழுதினார். நுணுக்குக்காட்டியில் வெறுங் கழலையாகவே தோன்றிய கேடயச் சுரப்பி இழையம், உடலின் பிற இடங்களுக்கும் பரவியிருந்தது. மறு ஆண்டு வெளியான தம் நூலில், கருவளர்ச்சியின்போது பயன்படாது எஞ்சிய முளையக் கலங்கள் மரத்தின் உறங்கும் மொட்டுப்போலக் கிடந்து, பின்னாளில் விழித்துக் கட்டியாகின்றன என அவர் உரைத்தார். 1883 இல் அன்ரன் வொல்பிளர் இக்கருத்தைக் கேடயச் சுரப்பிக் கழலைகளுக்கே ஏற்றி விளக்கினார்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கொள்கை மங்கியது. முதிர்ந்த கலமொன்றின் பரம்பரையலகுகளில் விகாரங்கள் படிப்படியாகச் சேர்ந்தே புற்று உண்டாகும் என்னும் கருத்து மேலோங்கிற்று. இச்சுரப்பியில் மிகுதியாகக் காணப்படும் புற்றுவகையில், ரெற் என்னும் பரம்பரையலகு உடைந்து பிழைபட ஒட்டியிருத்தல் 1990 இல் அறியப்பட்டது. 1986 இல் செர்னோபில் அணுவுலை வெடித்தபின் நோயுற்ற சிறுவர் பலரிடத்தும் இத்தகைய பிழை காணப்பட்டது. 2003 இல் பிறாவ் என்னும் பரம்பரையலகின் விகாரமும் வெளிப்பட்டது.

எனினும் பழைய வினா மடியவில்லை. 1961 இல் தொறொன்ரோவில் தில், மக்கலக் என்னும் இருவர், குருதிக்கலங்களைப் பிறப்பிக்கும் மூலக்கலங்கள் உளவென எலிகளிற் காட்டினர். 1994 இல் அதே நகரில் யோன் டிக் குழுவினர், குருதிப் புற்றையும் அத்தகைய சிறுதொகைக் கலங்களே நிலைபெறச் செய்கின்றன எனக் கண்டனர்.

2005 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. யப்பானியராகிய தக்கானோவும் அமினோவும், கேடயச் சுரப்பிப் புற்று முதிர்ந்த கலத்திலன்றி எஞ்சிய கருநிலைக் கலங்களிலேயே தோன்றுகின்றது என்றனர். அதே ஆண்டு அமெரிக்க ஆய்வாளரோ, தொழில்புரியத் தொடங்கிய சுரப்பிக் கலங்களில் பிறாவ் விகாரத்தைப் புகுத்தி, எலிகளிற் புற்றை உண்டாக்கினர். 2010 இல் இத்தாலிய ஆய்வாளர், மனிதப் புற்றிலிருந்து பிரித்தெடுத்த மூலக்கலப் பண்புடைய கலங்கள் எலியின் சுரப்பியில் அப்புற்றையே மீண்டும் உருவாக்கின எனக் கண்டனர்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. புற்றைத் தொடங்கிய கலம் யாது என்பது ஒரு வினா. தொடங்கிய புற்றை நிலைநிறுத்தும் கலம் யாது என்பது மற்றொன்று. முதிர்ந்த கலமும் விகாரத்தால் மூலக்கலப் பண்பை மீளப் பெறலாம். ஆதலால் 2010 இன் ஆய்வு இரண்டாம் வினாவுக்கு விடையாகுமன்றி, முதலாம் வினாவை முடித்துவைக்கவில்லை.

இஃது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. 1985 இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், பிரேத பரிசோதனைக்குட்பட்ட 101 உடல்களில் 36 இல், வாழ்நாளில் வெளிப்படாத சிறு புற்றுக்கள் இச்சுரப்பியிற் காணப்பட்டன. தென்கொரியாவில் பரிசோதனை பெருகியதால், 1993 முதல் 2011 வரை கண்டறியப்பட்ட நோயாளர் விகிதம் 15 மடங்காயிற்று. இறப்பு விகிதமோ மாறவில்லை. சிறு புற்றெல்லாம் படிப்படியாகக் கொடிய புற்றாகுமெனின், அறுத்தகற்றுதலே முறையாகும். தக்கானோ கூறுமாறு அவை வெவ்வேறு கலங்களிற் பிறந்து வெவ்வேறு கதியடைவனவெனின், பலரின் கழுத்தில் வீணே கத்தி பட்டதாகும். கோபே நகரின் குமா மருத்துவமனை, 1993 முதல் இத்தகைய சிறு புற்றுக்கள் சிலவற்றை அறுக்காது கண்காணித்து வந்தது. அவற்றுட் பெரும்பாலானவை பல்லாண்டு கழிந்தும் வளரவில்லை.

கோன்கைமின் விளக்கம் முழுமையும் மெய்யென்று இன்று எவரும் கூறார். ஆயினும் அவர் எழுப்பிய வினாவே, கத்தியை எடுக்குமுன் மருத்துவரைச் சற்றே நின்று சிந்திக்கச் செய்கின்றது. பழங்கொள்கையொன்றைக் கைவிடும்போது, அது கேட்ட வினாவையும் உடன் கைவிடலாகாதென்பதே இவ்வரலாறு நமக்குணர்த்தும் பாடமாகும்.