சித்தன்னவாசல் துறவிகளும் நம் வீட்டு உளுந்தும்



"ஐயா, புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?" என்று உங்களில் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். நான் வரலாற்று வாத்தியார். டாக்டரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டால் வரலாறுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் விதானத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். தாமரைக் குளம், அதில் மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். (கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்று 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஆசிரியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) மீனை அத்தனை அழகாகத் தீட்டிய இடம், மீனைத் தொடாதவர்களின் கோயில். குன்றின்மேல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளில் படுத்த சமணத் துறவிகளுக்கு இறைச்சி, முட்டை, தேன் எதுவும் ஆகாது. தாமே சமைப்பதும் இல்லை. பகலில் ஊருக்குள் இறங்கி, கொடுத்ததை வாங்கி உண்பார்கள். ஆக, அந்தத் துறவை நிற்க வைத்தது ஊர்க்காரர் வீட்டு அடுப்பு.

அந்த அடுப்பில் என்ன வெந்திருக்கும்? நிலக்கடலை இல்லை. அது பல நூற்றாண்டு கழித்துத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த பண்டம். ஆனால் கொள்ளும் பாசிப்பயறும் புதிய கற்காலத்திலேயே தென்னிந்தியாவில் விளைந்தவை. உளுந்து சேர்ந்த உணவு கல்யாண விருந்தில் இருந்ததை அகநானூறு காட்டுகிறது. வானம் பார்த்த நம் பூமியில் தானியமும் பயறும்தான் கைகொடுத்திருக்க வேண்டும்.

இந்தச் சேர்க்கையில் ஒரு சூட்சுமம் உண்டு. தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயற்றில் அது தாராளம். பயற்றில் குறைகிற மெத்தியோனினைத் தானியம் ஈடுகட்டும். இட்லி, பொங்கல், பருப்புச் சோறு எல்லாம் இந்தக் கணக்குதான். வேதியியல் தெரியாமலே நம் பாட்டிமார் போட்ட கணக்கு.

கணக்கு எங்கே கெட்டது என்றால், அளவில். 100 கிராம் உளுந்தில் ஏறத்தாழ 24 கிராம் புரதம், அரிசியில் ஏழெட்டுக் கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் வேண்டும் என்கிறார்கள். தட்டு நிறையச் சோறும் அதன்மேல் தண்ணீராய் ஓடும் சாம்பாரும் இருந்தால் வயிறு நிறையும், கணக்கு நிறையாது.

இதை அரசாங்கமும் படிப்படியாகத்தான் உணர்ந்தது. 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. இரண்டும் முதலில் பசியைப் பார்த்தன. 1989இல் கலைஞர் காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒன்றிலிருந்து ஐந்துக்கு வர இருபத்தோரு வருடம்! முட்டை போடும் நாளில் வருகைப் பதிவேடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களில் சிலருக்கும் தெரியும்.

இன்னொன்று, நம் மாவட்டத்துப் பிள்ளைகளே மறந்துவிடுகிறீர்கள். ஆலங்குடிப் பக்கம் வம்பனில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உளுந்துச் செடியை மஞ்சளாக்கிக் காய்ப்பைக் கெடுக்கும் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. அதைத் தாங்கும் ரகங்களை அங்கே உருவாக்கினார்கள். வம்பன் 8, வம்பன் 11 என்று விதைக்கடையில் கேட்டு வாங்குகிறார்களே, நம்மூர்ப் பெயர்தான் அது.

கடைசியாக, பெண்பிள்ளைகளின் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. பெண் வயதுக்கு வந்தால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்போம். வளரும் உடம்புக்குச் சரியான நேரத்தில் சரியான பண்டம். ஆனால் அது சில நாளைக்குத்தான். பிறகு முட்டை அண்ணனுக்கு, மீன் துண்டு அப்பாவுக்கு, கெட்டிப் பருப்பு முதல் பந்திக்கு. அவளும் அவள் அம்மாவும் உட்காரும்போது பாத்திரத்தில் தெளிவுதான் மிச்சம். பவுடர் டப்பாவின் விலையைக் கேட்டேன், மயக்கமே வந்தது. அந்தக் காசுக்கு எத்தனை கிலோ கொள்ளும் உளுந்தும் வரும் என்று நீங்களே பாருங்கள். வாங்கினால் கருப்பு உளுந்தாகத் தோலோடு வாங்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மாவை முதலில் உட்கார வைத்து, அடியில் இருக்கும் பருப்பைக் கலக்கி ஊற்றுங்கள்.